உங்கள் வேட்டைக் களத்தின் வானிலைக்கு எந்த பாயிண்டிங் நாய்? முழுமையான வழிகாட்டி

2003 அக்டோபரில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் என்ற பறவையின் வேட்டை சீசன் திறந்த வார இறுதியில் நூறு நாய்கள் வரை சூடு தாங்காமல் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. அங்கே அக்டோபர் என்றால் காலையில் ஜாக்கெட் தேடும் மாதம், அந்த வருடம் மட்டும் வெயில் கோடை மாதிரி அடித்தது. கோடை முழுக்க ஏசியில் படுத்துக்கிடந்த நாயை ஒரே நாளில் காற்றுப் புகாத உயரப் புல்லுக்குள் இறக்கி மணிக்கணக்கில் ஓடவிட்டால் வேறென்ன நடக்கும்?

நாய் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் குளிரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். "எங்கள் ஊரில் பனி கொட்டும், அதனால் நல்ல முடியுள்ள இனம் வேண்டும்" என்பார்கள். என் கணக்கு தலைகீழ். குளிருக்கு நாய்க்கு ஜாக்கெட் போட்டுவிடலாம், சூட்டுக்குத் தோலை உரித்துப்போட முடியாது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று உண்டு, சுட்டு விழுந்த வாத்தை ஐஸ் தண்ணீரிலிருந்து எடுத்துவரும் வேலை. அதற்குக் கீழே வருகிறேன்.

இது யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா, கனடா, ஐரோப்பா பக்கம் குடியேறி, உரிமம் எடுத்துப் பறவை வேட்டைக்குப் போக ஆரம்பித்திருக்கும் நம்மவர்களுக்கு. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக் காடை, கவுதாரியைச் சுடுவதும் குற்றம், ஆகவே ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் துப்பாக்கியைத் துடைக்க வேண்டாம். இன்னொன்று, ஊரில் சிப்பிப்பாறை, கன்னி வளர்த்த பழக்கத்தை வைத்து இந்த நாய்களை எடைபோடாதீர்கள். அவை கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிப்பவை, ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பாயிண்டிங் நாய் மூக்கால் தேடும். பறவை பதுங்கியிருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அப்படியே உறைந்து நிற்கும். நீங்கள் நடந்து வந்து பறவையைக் கிளப்பும் வரை அசையாது. அந்த ஒரு நிற்றலுக்காக அது காலை முழுக்க, நீங்கள் நடப்பதைவிடப் பல மடங்கு தூரம் ஓடித் தீர்க்கும். இப்படி மணிக்கணக்கில் ஓடுவதால்தான் வானிலை இங்கே இவ்வளவு பெரிய விஷயம்.

படி 1: உங்கள் சீசனின் மோசமான நாளை எழுதுங்கள்

இனங்களின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். நீங்கள் உண்மையிலேயே வேட்டைக்குப் போகும் மாதங்களை எழுதுங்கள். போக ஆசைப்படும் மாதங்களை இல்லை, லீவு கிடைத்துப் போகும் மாதங்களை. அந்த மாதங்களில் காலை பத்து மணிக்கு எவ்வளவு வெயில், காற்றில் ஈரப்பதம் எப்படி, தரையில் முள்ளா புல்லா சேறா, வழியில் குளம் குட்டை உண்டா, என்ன பறவை, இவ்வளவும் வேண்டும். மாத சராசரி வெப்பநிலை ஒன்றுக்கும் உதவாது. சீசனிலேயே மிகச் சூடான நாளும் மிகக் குளிரான நாளும் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி, நாய்க்கு ஆபத்து அந்த இரண்டு ஓரத்தில்தான்.

உதாரணத்துக்கு மொன்டானாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிரௌஸ், கவுதாரி சீசன் செப்டம்பர் 1 அன்று திறக்கும். அன்றைக்கு மதியம் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதே சீசன் புத்தாண்டு வரை ஓடும், அதற்குள் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி கூட வந்து போகும். "மொன்டானா குளிர் மாநிலம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டவர் செப்டம்பரில் மாட்டுவார். நீங்கள் டிசம்பரில் மட்டும் போகிறவரா, செப்டம்பரில் மட்டும் போகிறவரா என்பதைப் பொறுத்து ஒரே மாநிலத்துக்கு இரண்டு வேறு நாய்கள்.

படி 2: நாயின் உடம்பு சூட்டை எப்படி வெளியேற்றுகிறது

நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதுவும் பேருக்கு. நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதுதான் அதற்கு இருக்கும் ஒரே பெரிய வழி. நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது ரத்தம் குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறைந்துவிடும். அதனால்தான் அரிசோனாவின் வறண்ட 28 டிகிரியைத் தாங்கும் நாய், ஜார்ஜியாவின் புழுக்கமான 24 டிகிரியில் தள்ளாடும். பிரிட்டனில் கால்நடை மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், நாய்களுக்கு வந்த வெப்பப் பாதிப்புகளில் சுமார் முக்கால் பங்குக்குக் காரணம் உடல் உழைப்பு என்று தெரிந்தது. பூட்டிய காருக்குள் விடுவதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம், ஓட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதில் வேட்டைக்காரருக்கு நேரடியாக உறைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. வாயைத் திறந்து வேகமாக இளைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. சூடேறிய நாய் பறவையைத் தாண்டி ஓடிவிடும், நீங்கள் "இந்த நாய்க்கு மூக்கே இல்லை" என்று திட்டுவீர்கள். மூக்கு நன்றாகத்தான் இருக்கும், உடம்புதான் கொதித்துக்கொண்டிருக்கும்.

எனவே பார்க்க வேண்டியவை நான்கு: எடை, முடியின் நீளம், அடிமுடி, நிறம். உடல் சிறியதாக இருந்தால் எடைக்குத் தகுந்த தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் வெளியேறும். முடி குட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. மேல்முடிக்கு அடியில் பஞ்சுபோல இருக்கும் அடிமுடிதான் குளிரில் காப்பாற்றுவது, வெயிலில் கொல்லுவதும் அதுவே. வெயில் நேராக அடிக்கும் திறந்தவெளியில் அடர் பழுப்பு, கறுப்பு நாய்கள் வெள்ளை நாயைவிடச் சீக்கிரம் சூடாகும். கடைசிக் காரணம் சின்னதுதான், ஆனால் தெற்கு டெக்சாஸில் வெள்ளை நாய்க்கு இன்னொரு லாபமும் உண்டு, புதருக்குள் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

படி 3: களத்துக்குக் களம் எந்த நாய்

வறண்ட வெயில் நிலம். தெற்கு டெக்சாஸின் முட்புதர்க் காடு, அரிசோனா, நியூ மெக்சிகோ. இங்கே காடைதான் ராஜா. டெக்சாஸில் சீசன் அக்டோபர் கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி கடைசி வரை, முதல் சில வாரம் நல்ல சூடு. என் பதில் தயக்கமில்லாமல் இங்கிலீஷ் பாயிண்டர். அடிமுடி இல்லாத மெல்லிய குட்டை முடி, பெரும்பாலும் வெள்ளை, நீண்ட கால், ஓடுவதற்கென்றே செய்த நெஞ்சுக்கூடு. பறவை சிதறிக் கிடக்கும் பரந்த நிலத்தில் தூரம் போய்த் தேடும் குணமும் சேர்ந்தே வருகிறது. அடுத்த இடம் ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாயிண்டர், எல்லோரும் ஜிஎஸ்பி என்று சொல்வது. முடிந்தால் வெள்ளை அதிகமுள்ள குட்டியாக, 25 கிலோவுக்குள் வளரும் பெற்றோரிடமிருந்து. பிரிட்டனி, விஸ்லா இரண்டும் ஓடும். பிரிட்டனி 14 முதல் 18 கிலோதான், அந்தச் சின்ன உடம்பு அதன் பெரிய பலம். முடிதான் கொஞ்சம் நீளம், காதிலும் தொடையிலும் முள் சிக்கும்.

முள் என்றதும் நினைவுக்கு வருகிறது, அங்கே கோட்ஹெட் என்று சொல்லி எல்லோரும் புலம்புவது நம்மூர் நெருஞ்சிதான். சோய்யா (cholla) எனப்படும் கள்ளியின் முள் அதைவிட மோசம், நாய் வாயால் பிடுங்கப் போய் உதட்டிலும் நாக்கிலும் ஏற்றிக்கொள்ளும். பையில் ஒரு சீப்பும் இடுக்கியும் இல்லாமல் அந்த நிலத்தில் கால் வைக்காதீர்கள். நீண்ட முடி நாய்களை அங்கே பார்க்காமல் இருப்பதற்கு வெயிலோடு இதுவும் ஒரு காரணம். அப்புறம் பாம்பு. ராட்டில்ஸ்நேக் குளிர்காலத்தில்கூட வெயில் அடிக்கும் நாளில் வெளியே வந்து கிடக்கும், நாய்க்குப் பாம்பு தவிர்ப்புப் பயிற்சி கொடுப்பதை இனத் தேர்வுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புழுக்கமான தெற்கு. ஜார்ஜியாவின் தாமஸ்வில்லுக்கும் ஃபுளோரிடாவின் டலஹாசிக்கும் நடுவில் ரெட் ஹில்ஸ் என்ற பகுதி. அங்கே பெரிய பைன் தோட்டங்களில் குதிரையில் போய்க் காடை வேட்டையாடும் பழைய பழக்கம் இன்னும் இருக்கிறது. நாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், ஒரு ஜோடி சிறிது நேரம் ஓடும், அதை ஏற்றிவிட்டு அடுத்த ஜோடியை இறக்குவார்கள். இந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள்: வெயிலுக்கென்றே உருவான பாயிண்டரைக்கூட அவர்கள் முழு நாள் ஓடவிடுவதில்லை. ஒரே நாயை வைத்துக்கொண்டு அங்கே போகிறவர்கள் அதைவிடச் சூதானமாக இருக்க வேண்டும்.

டென்னசியின் கிராண்ட் ஜங்ஷனில் உள்ள ஏம்ஸ் தோட்டம்தான் நேஷனல் பேர்ட் டாக் சாம்பியன்ஷிப்புக்குப் பேர்போன இடம். 1896-இல் தொடங்கிய போட்டி, ஒரு நாய் மூன்று மணி நேரம் ஓட வேண்டும். அதில் பாயிண்டர்கள்தான் கிட்டத்தட்ட எப்போதும் ஜெயிக்கும். 2013-இல் ஷேடோ ஓக் போ என்ற இங்கிலீஷ் செட்டர் (நீண்ட முடியுள்ள இன்னொரு பாயிண்டிங் இனம்) ஜெயித்தபோது பெரிய பேச்சாக இருந்தது, ஏனென்றால் அதற்கு முன்னால் ஒரு செட்டர் ஜெயித்தது 1970-இல். அடுத்த வருடமும் அதே நாய் ஜெயித்தது. செட்டரால் முடியாது என்று இல்லை, சரியான செட்டர் கிடைப்பது அபூர்வம்.

புல்வெளி மாநிலங்கள். இரண்டு டகோட்டாக்கள், மொன்டானா, நெப்ராஸ்கா, கன்சாஸ், மேலே கனடாவின் சஸ்காச்சுவான். இந்த இடம்தான் தேர்வுக்குக் கஷ்டம், ஏனென்றால் சீசனின் ஒரு முனையில் அடுப்பு, மறுமுனையில் ஐஸ்பெட்டி. ஃபெசன்ட் ஓடும் பறவை, கோரைப் புல்லுக்குள் உடைத்துக்கொண்டு போகிற பலம் வேண்டும். ஜிஎஸ்பி இங்கே ஏன் இவ்வளவு பிரபலம் என்பது ஒரு செப்டம்பரும் ஒரு டிசம்பரும் பார்த்தால் புரிந்துவிடும். குட்டை முடி, ஆனால் பாயிண்டரைவிட அடர்த்தி, லேசான அடிமுடி உண்டு. டிசம்பரில் நெஞ்சுக்கு ஒரு நியோப்ரீன் வெஸ்ட் போட்டால் போதும். அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரைதான் போவேன், செப்டம்பர் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்பவர்கள் தாராளமாகக் கம்பி முடி இனங்களான ஜெர்மன் வயர்ஹேர்ட், கிரிஃபன், புடல்பாயிண்டர் பக்கம் போகலாம்.

இங்கே வெப்பத்தைவிட நயவஞ்சகமான எதிரி ஊசிப்புல். வைல்ட் ரை, ஃபாக்ஸ்டெயில் மாதிரிப் புற்களின் விதையில் அம்பு போல ஒரு நுனியும் பின்னோக்கிய சொரசொரப்பும் இருக்கும், உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. மூக்கில் ஏறினால் நுரையீரல் வரை போய்ச் சீழ் பிடிக்கும். வேட்டை முடிந்ததும் வண்டியின் பின்கதவில் நாயைப் படுக்கவைத்து விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள், அக்குளைத் தடவிப் பாருங்கள், காதைத் திருப்பிப் பாருங்கள், கீழிமையை இழுத்துப் பாருங்கள், மூக்கு ஓரத்தில் ஒரு மஞ்சள் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். குட்டை முடி நாய்க்கு ஐந்து நிமிட வேலை. இறகு மாதிரி முடியுள்ள செட்டருக்கு அரை மணி. முடியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த அரை மணியையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

வடக்குக் காடு. மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா, மெய்ன். பறவைகள் ரஃப்ட் கிரௌஸ், உட்காக். இளம் ஆஸ்பென் மரங்கள் நெருக்கி வளர்ந்த காட்டில் இருபது முப்பது அடிக்கு மேல் கண் எட்டாது, தூரம் ஓடும் நாய் இங்கே தொல்லை. இங்கிலீஷ் செட்டரின் இடம் இதுதான். நிழல், ஈரத் தரை, குளிர்ந்த காற்று, பக்கத்திலேயே சுற்றித் தேடும் குணம். நீண்ட முடி குச்சிகளிலிருந்து தோலைக் காக்கிறது, பாயிண்டரின் வால் நுனி அடிபட்டு ரத்தம் தெறிக்கும் அதே புதரில் செட்டர் சேதமில்லாமல் வெளியே வரும். பிரிட்டனியும் சரியான பொருத்தம், விலை கொடுக்கும் சக்திக்கும் வீட்டு இடத்துக்கும் பார்த்தால் பலருக்கு செட்டரைவிட அதுதான் நடைமுறை. செப்டம்பர் நடுவில் இலை உதிராமல் புழுங்கும் நாட்களில் மட்டும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உண்ணி அதிகம், லைம் நோய் அதிகம். முள்ளம்பன்றியும் உண்டு, அதைத் துரத்திய நாய் முகம் நிறைய முள்ளோடு வந்தால் இடுக்கியோடு நின்றுவிடாமல் டாக்டரிடம் போங்கள்.

குளிர்ந்த தண்ணீர். மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான். நவம்பர், டிசம்பரில் ஓரத்தில் ஐஸ் கட்டிய குளத்தில் வாத்து எடுக்க வேண்டும், இடைப்பட்ட நேரத்தில் நனைந்த உடம்போடு அசையாமல் உட்கார வேண்டும் என்றால் குட்டை முடி நாயை அந்த வேலைக்கு வைப்பது கொடுமை. ஓடும் நாய் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும், நனைந்து உட்காரும் நாயால் முடியாது. இதற்கென்றே கம்பி முடி இனங்கள் உருவாயின. ஹாலந்துக்காரரான எடுவார்ட் கோர்தால்ஸ் 1870-களில் ஜெர்மனியில் இருந்துகொண்டு வளர்த்தெடுத்த கிரிஃபன், 1881-இல் பூடிலையும் பாயிண்டரையும் கலந்து தொடங்கிய புடல்பாயிண்டர், ஜெர்மனியில் டிராத்தார் என்று சொல்லும் ஜெர்மன் வயர்ஹேர்ட், மூன்றும் ஒரே கேள்விக்கு வந்த மூன்று பதில்கள். மூன்றில் கிரிஃபன் மெதுவாக, பக்கத்தில் தேடும், டிராத்தார் முரட்டுத்தனம் கொஞ்சம் கூட, சின்ன மிருகங்களோடு மல்லுக்கு நிற்கும், புடல்பாயிண்டர் நடுவில். பூனை வளர்க்கும் வீட்டுக்கு டிராத்தாரைக் கொண்டுபோகும் முன் யோசியுங்கள். ஹங்கேரிக்காரர்களுக்கும் இதே பிரச்சினை வந்தது. அடிமுடி இல்லாத விஸ்லா குளிரில் நடுங்கியதால் 1930-களில் அதை ஜெர்மன் வயர்ஹேர்டோடு கலந்து கம்பி முடி விஸ்லாவை உண்டாக்கினார்கள். சாதாரண விஸ்லாவை வைத்துக்கொண்டு ஐஸ் குளத்துக்குப் போகிறவர்களுக்கு இந்த வரலாறே போதும்.

மலையும் மூர் நிலமும். ஸ்காட்லாந்தில் ரெட் கிரௌஸ் சீசன் ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. மரமே இல்லாத ஹெதர் மேடு, மழை, காற்று. பாயிண்டரும் செட்டர்களும் பிறந்து வளர்ந்த களம், கார்டன் செட்டருக்கு வீடே அதுதான். நார்வேயில் செப்டம்பர் 10 அன்று ரைப்பே எனும் வெண்கிரௌஸ் சீசன் திறக்கும்போது மலைமேல் செட்டர்கள் நிறையப் பார்க்கலாம். இரவில் கூடாரத்தில் தங்கும் பழக்கம் இருப்பதால் நாய்க்கு முடி வேண்டும். ஈரப் பனியில் மட்டும் செட்டரின் கால் முடியில் பனி உருண்டை கட்டும், அதைக் கத்தரித்து விடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

மத்தியதரைக்கடல் பக்கம். ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ். பாயிண்டர், செட்டர், பிரிட்டனி மூன்றுக்கும் அங்கே நல்ல உள்ளூர் வம்சங்கள் உண்டு, வெளியிலிருந்து இறக்குமதி செய்வதைவிட அங்கேயே வாங்குவது மேல். மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா நோய் இருப்பதால் ஈயை விரட்டும் மருந்துப் பட்டை கழுத்தில் எப்போதும் இருக்கட்டும்.

படி 4: இனத்தின் பெயரை நம்பாதீர்கள், வம்சத்தைப் பாருங்கள்

ஒரே இனத்துக்குள் வித்தியாசம் இரண்டு இனங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைவிடப் பெரியதாக இருக்கலாம். ஷோ மேடைக்கென்று வளர்த்த இங்கிலீஷ் செட்டர் தரையைத் தொடும் முடியோடு முப்பது கிலோவைத் தாண்டும். களப் போட்டி வம்சத்துச் செட்டர் இருபது கிலோவில், முடி பாதியாக, வேறு மிருகம் போல இருக்கும். முதலாவதை டெக்சாஸுக்குக் கொண்டுபோனால் பாவம். இரண்டாவது அங்கேயும் சமாளிக்கும்.

அதனால் பிரீடரிடம், அதாவது குட்டிகளை வளர்த்து விற்பவரிடம், கேட்க வேண்டிய முதல் கேள்வி சாம்பியன் பட்டங்களைப் பற்றி இல்லை. "உங்கள் நாய்கள் எந்த மாநிலத்தில், எந்த மாதத்தில், எந்தப் பறவை மேல் ஓடுகின்றன?" உங்கள் தாளில் எழுதியதோடு அந்தப் பதில் ஒத்துப்போக வேண்டும். மினசோட்டா கிரௌஸ் காட்டில் ஐந்து தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த வம்சத்தை அரிசோனாவுக்கு வாங்கிப் போவதில் அர்த்தமில்லை.

தேர்வுகளின் முடிவையும் கேளுங்கள். வட அமெரிக்காவில் 1969-இல் தொடங்கிய நாவ்டா அமைப்பு நடத்தும் இயற்கைத் திறன் தேர்வு பதினாறு மாதம் வரையுள்ள குட்டிகளுக்கு. மோப்பம், தேடல், பாயிண்ட், தடம் பிடித்தல், நீச்சல் எல்லாம் பார்ப்பார்கள், அதிகபட்சம் 112 மதிப்பெண். ஒரு நாயின் மதிப்பெண்ணைவிட, கூடப் பிறந்தவை எல்லாம் எப்படிச் செய்தன என்று பாருங்கள். ஜெர்மன் முறையில் டிராத்தாருக்கு இன்னும் கறார்: தேர்வில் தேறினாலும் முடியும் உடலமைப்பும் சரியில்லை என்று நடுவர் சொல்லிவிட்டால் இனப்பெருக்க அனுமதி கிடையாது. முடிக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

உடல்நலச் சோதனைகளில் இடுப்பு எலும்பு எக்ஸ்ரே எல்லா இனத்துக்கும் கேளுங்கள், இங்கிலீஷ் செட்டருக்குக் காது கேட்கும் சோதனையும் சேர்த்து.

படி 5: முடியைக் கையால் பாருங்கள்

போட்டோ போதாது, நேரில் போங்கள். குட்டியின் முடி மாறும், ஆகவே தாயையும் தகப்பனையும் தொட்டுப் பாருங்கள். கம்பி முடி நாயென்றால் தோள்பட்டைக்கு மேலே இரண்டு கட்டைவிரலாலும் முடியைப் பிரியுங்கள். மேலே விறைப்பாக, உடம்போடு படிந்து, தேங்காய் நார் போலக் கரகரப்பான முடி இருக்க வேண்டும். டிராத்தாருக்குச் சொல்லப்படும் நீளம் 2 முதல் 4 சென்டிமீட்டர். அதற்கு அடியில் தோலை மறைக்கும் அளவுக்கு அடர்த்தியான அடிமுடி. கையை விட்டதும் மேல்முடி தானாகப் படுக்க வேண்டும். விரலில் சுருண்டு பட்டுப் போலச் சிக்கினால் அது தண்ணீரை உறிஞ்சும், ஒட்டுமுள்ளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பனியை உருண்டையாகக் கட்டும். கிரிஃபனில் இந்தப் பஞ்சு முடி அடிக்கடி வரும், முகத்தில் தாடி அழகாகப் புசுபுசுவென்று இருக்கும் குட்டியைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் உருகுவார்கள். அந்தக் குட்டியை விட்டுவிட்டுச் சுமாரான தாடியுள்ளதை எடுங்கள்.

பிரீடர் சம்மதித்தால் பெரிய நாயைக் குளத்தில் இறக்கச் சொல்லுங்கள். வெளியே வந்து இரண்டு முறை உதறியதும் அடிமுடியைத் தொட்டால் தோல் பக்கம் ஈரமில்லாமல் இருந்தால் அது உண்மையான தண்ணீர் முடி.

குட்டை முடி இனத்தில் வயிற்றுப் பக்கம் பாருங்கள். அங்கே முடியே இல்லாமல் இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தால் முட்காட்டில் கிழியும், பனியில் நடுங்கும்.

படி 6: வீடும் கணக்கில் உண்டு

வருடத்தில் பெரும்பாலான நாள் நாய் வீட்டில்தான் இருக்கும். ஹூஸ்டனில் குடியிருந்துகொண்டு நவம்பரில் ஒரு வாரம் டகோட்டா போகிறவருக்கு அடர்ந்த அடிமுடியுள்ள நாய் எதற்கு? கோடையில் அதற்குப் பயிற்சியே கொடுக்க முடியாது, உடம்பு ஊதி, சீசனில் மூச்சு வாங்கும். அந்த ஒரு வாரத்துக்கு வெஸ்ட் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மாறாக, குளிர்ப்பிரதேசத்தில் வெளியே கூண்டில் வளர்க்கப் போகிறவர் விஸ்லாவையோ வைமரனரையோ தொடக்கூடாது. அவை வீட்டுக்குள், முடிந்தால் உங்கள் கட்டிலில், தூங்கும் ஜாதி.

இரண்டு வானிலையிலும் வேட்டையாடுபவருக்கு ஒரே நாய்தான் என்றால் என் சிபாரிசு ஜிஎஸ்பி, வீடு சின்னது என்றால் பிரிட்டனி. புதுமையில்லாத பதில்தான். இவ்வளவு பேர் இவற்றை வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

படி 7: வாங்கிய பிறகு சூட்டுக்குப் பழக்குவது

எந்த இனமாக இருந்தாலும் சீசனுக்குச் சில வாரம் முன்பிருந்தே காலை வேளையில் ஓடவிட்டு, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். உடம்பு பழக வாரக்கணக்கில் ஆகும், கடைசி நேரத்தில் அவசரப்பட்டு முடியாது. எடை கட்டுக்குள் இருக்கட்டும். விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். குளிரில் முழு நாள் வேலை செய்யும் நாய்க்குத் தீனி நன்றாகவே கூட வேண்டும், பலரும் இதைக் குறைத்தே போடுகிறார்கள்.

களத்தில் நாக்கைப் பாருங்கள். சாதாரணமாகத் தொங்கும் நாக்கு நுனியில் அகலமாக விரிந்து கரண்டி போல வளைந்துவிட்டால் நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது. நிழல் தேடிப் போய்ப் படுப்பது, கூப்பிட்டால் திரும்பாதது, பின்னங்கால் பின்னுவது எல்லாம் அதற்கு அடுத்த கட்டம். நாயின் சாதாரண வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி. ஓடும் நாய்க்கு 41 வரை ஏறக்கூடும், ஆனால் 41-க்கு மேல் போய்த் தள்ளாடினால் அது ஹீட் ஸ்ட்ரோக். அப்போது முதலில் குளிர வையுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். குட்டை இருந்தால் தலையை மட்டும் வெளியே பிடித்துக்கொண்டு இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் கையில் இருக்கும் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஆபத்து என்று பழைய ஆட்கள் சொல்வதை இப்போது மருத்துவர்கள் ஏற்பதில்லை. ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுவதுதான் தவறு, அது சூட்டை உள்ளேயே அடைக்கும். வெப்பமானி 39.5 காட்டியதும் நிறுத்திவிட்டு, நாய் தெளிந்த மாதிரி இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீரகம் அடிபட்டிருந்தால் மறுநாள்தான் தெரியும்.

குட்டி எப்போது எடுப்பது என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். வசந்த காலத்தில் பிறந்த குட்டிக்கு முதல் இலையுதிர் காலத்திலேயே பறவை காட்டிவிடலாம், ஆனால் அந்த வயதில் செப்டம்பர் வெயிலில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். நல்ல வம்சத்துக்கு ஒரு வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் பிரீடரோடு ஒரு நாள், உங்கள் தாளில் எழுதிய அந்த மோசமான வானிலையிலேயே, களத்துக்குப் போய் அவருடைய நாய்கள் காலை பத்து மணிக்கு எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.